இரண்டாம் முறை விதைத்த பீன்ஸ்

ஏப்ரல் பதினேழு, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். இரவெல்லாம் பெய்யப்போவதாகப் போக்குக் காட்டிய வானம், விடிந்ததும் மனத்தை மாற்றிக்கொண்டு, கருமை மட்டும் குறையாமல் நின்றது. காற்று இல்லை. கடைசிப் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டியிருந்த தக்காளிப் பசுமைக்குடிலுக்குள், மூடி போட்ட பாத்திரத்துக்குள் இருப்பதைப் போன்ற புழுக்கம். பிளாஸ்டிக் கூரையின் உட்புறத்தில் கோத்திருந்த நீர்த்துளிகள், கதவு அசைந்த ஒவ்வொரு முறையும் சொல்லிவைத்தாற்போல் பிடரியில் விழுந்தன.

ஊரில் எல்லோரும் ‘மண் டீச்சர்’ என்று அழைக்கும் அந்தப் பெண், நாத்தனார் காட்டிய செடியின் முன் குந்தினாள். தொடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. இருந்தாலும் தொட்டாள். நுனி இலைகள் விரியாமல், ஈர்க்குச்சி அகலத்துக்குக் குறுகி, நரம்புகள் நெருக்கியடித்து, உள்ளங்கையை மூடுவதுபோல் மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. நேராக ஏறவேண்டிய தண்டு கொக்கிபோல் வளைந்திருந்தது. அடுத்த செடியும் அப்படியே. அதற்கடுத்ததும்.

“என்ன அண்ணி, வாயத் திறக்க மாட்டேங்கறீங்க? வைரஸ்தானே?”

“யாரு சொன்னா?”

“வேளாண் ஆபீஸ்காரர் நேத்து வந்தாரு. வாசல்ல நின்னே பாத்தாரு. உள்ள வந்தா அவருக்கே ஒட்டிக்கும்போல. ‘வைரஸ் மாதிரிதான் இருக்கு, பிடுங்கி எரிச்சிடும்மா’ன்னு சொல்லிட்டு வண்டியக் கிளப்பிட்டாரு. அவரு வீடு போய்ச் சேர்றதுக்குள்ள விஷயம் நிலத்துக்காரர் வீட்டுக்குப் போயிடுச்சு.”

“அவரு என்ன சொல்றாரு?”

“பக்கத்துக் குடிலுக்கெல்லாம் பரவிடுமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணுங்கறாரு. இத்தனை வருஷமா ஒரு சொல் பேசாத மனுஷன், நேத்து என்னைய நோய் புடிச்சவளப் பாக்கற மாதிரி பாக்கறாரு. வைரஸ் இல்லேன்னு விஷயம் தெரிஞ்சவங்க யாராச்சும் எழுதிக் குடுத்தா யோசிக்கறாராம். விஷயம் தெரிஞ்சவங்கன்னா எனக்கு உங்களத்தானே தெரியும்?”

நாத்தனார் கணவரின் ஒரே தங்கை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் அண்ணனுக்குப் ‘பாப்பா’. சந்தையில் தக்காளியக்கா. மூன்று வருடம் அண்ணி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, கடை உரத்தைக் கைவிட்டு, இந்த வருடம்தான் முதன்முறையாக முழுக் குடிலுக்கும் மட்கு உரம் போட்டிருந்தாள். அதைப் பெருமையோடு பத்துப் பேரிடம் சொல்லியும் இருந்தாள்.

“எரு எந்தக் குவியல்லேருந்து வந்துச்சு?”

“உங்க மண் பள்ளி யார்டுலேருந்துதான். அண்ணன்தான் கொண்டாந்து கொட்டினான். வேற எவன் எருவ நான் தொடப்போறேன்?”

“அந்தக் கடைசி வரிசைக்கும் போட்டியா?”

“அதுக்குப் பத்தல. சனிக்கிழமை மிச்சத்தத் தர்றேன்னு நீங்கதான் சொன்னீங்க.”

டீச்சர் எழுந்து கடைசி வரிசை வரை நடந்தாள். அங்கே செடிகள் நிமிர்ந்து நின்றன. இலைகள் இலைகளாக இருந்தன; ஒன்றிரண்டு பூவும் விட்டிருந்தன. இடையிடையே புல் தலைகாட்டியிருந்தது. சுருண்ட வரிசைகளிலும் அதே புல், அதே பச்சையில், ஒன்றுமே நடவாததுபோல் வளர்ந்திருந்தது. தக்காளி சுருண்டு, புல் சுருளாமல் இருந்ததைப் பார்த்தபின் அவளுக்குக் கேட்க வேண்டிய கேள்வி எதுவும் இல்லை.

“எதையும் பிடுங்காதே. நாளைக்குக் காலையில வர்றேன்.”

“நல்லதா கெட்டதா அண்ணி?”

“வைரஸ் இல்ல” என்றாள் டீச்சர். அது பதிலில் பாதி. நாத்தனார் அந்தப் பாதியை முழுதாக எடுத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருக்க டீச்சர் குனிந்து செருப்பைத் தேடினாள். அது காலிலேயே இருந்தது.

*

மண் பள்ளி ஒரு காலத்தில் நகராட்சி உடைசல் கொட்டிய இடம். டீச்சரும் கணவரும் தோட்டச் சங்கத்தாரும் அதில் கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கியே இரண்டு கோடைகளைக் கழித்தார்கள். பிறகு இலை வந்தது, சமையலறைக் கழிவு வந்தது, மண்புழு வந்தது, கடைசியாக மனிதர்கள் வந்தார்கள். இப்போது வாரந்தோறும் வகுப்பு. பால்கனியில் கீரை வளர்க்க ஆசைப்படும் தாத்தாக்கள், பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டுத் தாங்களே கையில் மண்ணெடுத்து நிற்கும் தாய்மார்கள், மண்ணை முகர்ந்து பார்க்கச் சொன்னால் கைக்குட்டையைத் தேடும் அலுவலர்கள். இடம் இன்னமும் நகராட்சியுடையது. ஒப்பந்தம் திங்கட்கிழமை புதுப்பிக்கப்பட வேண்டும்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் குவியலும் பீன்ஸ் சம்மதிக்காமல் வெளியே போகாது. குவியலிலிருந்து எடுத்த உரத்தைச் சில குவளைகளிலும், வெறும் தோட்டத்து மண்ணைச் சில குவளைகளிலும் நிரப்பி, இரண்டிலும் பீன்ஸ் விதைத்து ஜன்னலில் வைப்பார்கள். இரண்டும் ஒன்றுபோல் நிமிர்ந்து முதல் மூவிலை விரித்தால், குவியலின் முன் நட்ட பலகையில் டீச்சர் சாக்கட்டியால் ‘விடலாம்’ என்று எழுதிக் கையெழுத்திடுவாள். காரணம் உண்டு. புல்லை விட்டுவிட்டு, அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்லும் மருந்து ஒன்று இருக்கிறது. அது தெளித்த புல்லைக் குதிரை தின்றால் குதிரைக்கு ஒன்றும் ஆகாது. மருந்துக்கும் ஒன்றும் ஆகாது. குடல்வழி வந்து, லத்தியோடு குவியலில் சேர்ந்து, குவியலின் சூட்டையும் தாங்கிக்கொண்டு, தக்காளியின் வேரோ பீன்ஸின் வேரோ கிடைக்கும்வரை பொறுமையாக இருக்கும். மூக்குக்குத் தெரியாது. கைக்குத் தெரியாது. குவியலில் குத்திவைத்த வெப்பமானிக்கும் தெரியாது. பீன்ஸுக்குத் தெரியும்.

டீச்சர் வந்தபோது கணவர் மூன்றாம் குவியலைப் புரட்டிக்கொண்டிருந்தார். சங்கத்தின் சிறிய லாரியை ஓட்டுவதும், ஓட்டாத நேரத்தில் குவியல் புரட்டுவதும் அவருடைய வேலை. குதிரைச் சவாரிப் பள்ளியிலிருந்து லத்தியும் உலர்புல்லும் ஏற்றிவந்தவரும் அவரே. குவியலிலிருந்து ஆவி எழுந்து அவருடைய கண்ணாடியை மறைத்திருந்தது.

“டீச்சர், வாங்க. என்ன, பாப்பா வீட்டுல டீ குடுக்கலையா? முகம் இப்படி இருக்கு?” மனைவியை ‘டீச்சர்’ என்றுதான் அவரும் கூப்பிடுவார். முதலில் கேலியாகத் தொடங்கியது. பிறகு அதுவே பெயராகிவிட்டது.

“ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க. தக்காளி பூரா சுருண்டிருக்கு. இந்தக் குவியல்தான்.”

அவர் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. அதன் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பீன்ஸ் நல்லா இருந்துச்சு” என்றாள் அவள். “நானே பாத்தேன். ரெண்டு பக்கமும் நேரா இருந்துச்சு. எனக்குப் புரியல.”

“எனக்குப் புரியுது” என்றார் கணவர்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

“மார்ச்சுல நீ வெளியூர் வகுப்புக்குப் போனேல்ல? ஜன்னல் குவளைக்குத் தண்ணி ஊத்தச் சொல்லிட்டுப் போன. ‘ஊத்துங்க, முழுக்காட்டாதீங்க’ன்னு ரெண்டு தடவ சொன்ன. ஊத்தினேன். அளந்துதான் ஊத்தினேன். ஒரு நாள் காலையில பாத்தா ஒரு பக்கத்துச் செடி எல்லாம் சுருண்டு கெடக்கு. செத்தோம்டா, மறுபடி முழுக்காட்டிட்டோம்னு நெனச்சேன்.”

“அப்புறம்?”

“அந்த மண்ணக் கொட்டிட்டு, தோட்டத்து மண்ணப் போட்டு, மறுபடி விதைச்சேன்.”

“எல்லாக் குவளையிலயுமா?”

“ஒண்ணு உசரமா ஒண்ணு குட்டையா இருந்தா நீ கண்டுபிடிச்சிருவேன்னு, நல்லா இருந்ததையும் சேத்துப் பிடுங்கிட்டு, எல்லாத்தையும் ஒண்ணாவே விதைச்சேன்.”

டீச்சருக்கு நினைவு வந்தது. ஊரிலிருந்து வந்த அன்று, பையைக்கூட இறக்காமல் ஜன்னலுக்குப் போய், ‘ஏன் எல்லாம் இவ்ளோ சின்னதா இருக்கு?’ என்று கேட்டது. ‘ராத்திரி ஜன்னல் திறந்திருந்துச்சு, குளிரு’ என்று அவர் சொன்னது. குவியல் தரும் தேதியை ஏற்கெனவே அறிவித்தாகிவிட்டது. மேற்கொண்டு கேட்கவில்லை.

“ரெண்டு பக்கத்துக்கும் ஒரே சொம்புலதானே ஊத்தினீங்க?”

“ஆமா.”

“தண்ணியால ஆகியிருந்தா ரெண்டு பக்கமும்ல சுருண்டிருக்கணும்?”

அவர் யோசித்தார். அந்த யோசனை இப்போதுதான் முதன்முறையாக அவருக்குள் நடக்கிறது என்பது முகத்தில் தெரிந்தது.

“அது அப்பத் தோணல, டீச்சர். எனக்குத் திட்டுதான் ஞாபகம் வந்துச்சு.”

கோபப்பட வேண்டிய இடம் அது என்று டீச்சருக்குத் தெரிந்தது. கோபம் வந்தது, ஆனால் நிற்க இடமில்லாமல் அங்குமிங்கும் அலைந்தது.

“அந்த மண்ண எங்க கொட்டினீங்க?”

“வீணாக்குவானேன்னு பின்வாசல் மிளகாய்த் தொட்டியில போட்டேன்.”

*

சங்கத்தின் தலைவர் ஓய்வு பெற்ற பல் மருத்துவர். நாற்பது வருடம் ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவர். நண்பகலில் வந்து, எல்லாவற்றையும் கேட்டு, மூன்றாம் குவியலை, பிடுங்குவதா அடைப்பதா என்று யோசிக்கும் பல்லைப் பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்தார்.

“வேற யாருக்குப் போயிருக்கு?”

“நாத்தனாருக்கு மட்டும்தான், டாக்டர். மிச்சம் சனிக்கிழமை அவளுக்குக் கொஞ்சமும், ரெண்டு பள்ளிக்கூடத் தோட்டத்துக்கும் போகணும்.”

“அதை நிறுத்திடுவோம். லாரி ரிப்பேர்னு சொல்லிக்கலாம். திங்கட்கிழமை கையெழுத்தாகுற வரைக்கும் நீங்க வாயத் திறக்காதீங்க.”

“நீங்க சொல்றீங்களா டாக்டர், வாயத் திறக்காதீங்கன்னு?”

அவர் சிரிக்க முயன்றார். வரவில்லை. “விளையாட்டில்ல, டீச்சர். ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியும். சோதிக்காத உரம் வெளிய போனா எடத்தத் திரும்ப எடுத்துக்குவாங்க. அங்க இந்த எடத்துமேல கண்ணு வெச்சுக் காத்துட்டிருக்காங்க, கார் நிறுத்துறதுக்கு.”

“அவளுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டாக்டர். திங்கட்கிழமை எழுதிக் குடுத்து என்ன பண்றது? குடில் போயிடும்.”

தலைவர், தூரத்தில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

“அப்ப உள்ளது உள்ளபடி எழுதுங்க. நீங்க முறைப்படி விதைச்சீங்க. டிரைவர் உங்களுக்குத் தெரியாம மாத்திட்டாரு. பொய்யில்லையே? சங்கம் டிரைவர வேலைய விட்டு எடுத்திருச்சுன்னு நான் ஒரு வரி சேக்கறேன். உங்க கையெழுத்துக்கு மதிப்பு நிக்கும். பள்ளி நிக்கும். உங்க நாத்தனாருக்கும் காகிதம் கிடைச்சுரும். வலிக்கும்தான். ஒரு நிமிஷம்.”

“நீங்க எல்லாருக்கும் அதைத்தான் சொல்லியிருப்பீங்க, டாக்டர்.”

“சொல்லியிருக்கேன். சிலருக்குத்தான் பொய்யாப் போச்சு.”

*

வீட்டுக்கு வந்த டீச்சர் முன்கதவைத் திறக்காமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். படிக்கட்டின் ஓரத்தில் மிளகாய்த் தொட்டி. சமையலறைக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் தினமும் அதைக் கடந்துதான் நடக்கிறாள். செடியின் நுனியில் புது இலைகள் ஈர்க்குச்சிபோல் குறுகிச் சுருண்டிருந்தன. காலையில் குடிலில் கண்ட அதே சுருள்.

புதிதில்லை. ஒரு வாரத்துக்கு மேலாகவே அப்படித்தான் இருந்தது. அவள் பார்த்திருக்கிறாள். துணி உலர்த்திக்கொண்டே கணவரைப் பார்த்து, “மிளகாயையும் முழுக்காட்டிக் கொன்னாச்சா? உங்களுக்கு இந்த வீட்ல சொம்பத் தொடவே உரிமை கெடையாது” என்று சொல்லியும் இருக்கிறாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தத் தொட்டிக்கு யாருமே தண்ணீர் ஊற்றவில்லை. விரலை மண்ணில் விட்டுப் பார்த்தாள். ஒரு கணு ஆழத்துக்கு வறண்டிருந்தது.

வகுப்பில் அவள் திரும்பத் திரும்பச் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: செடியைப் பார்த்துவிட்டு ஆளைத் திட்டாதீர்கள்; மண்ணைக் கேளுங்கள். தாத்தாக்கள் அதை எழுதிக்கொள்வார்கள்.

சமையலறையில் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். முட்டை அடித்து வைத்திருந்தார். ரொட்டி சுட்டு அடுக்கியிருந்தார். குற்றவாளி சமைத்த உணவு என்பது அதன் ஒழுங்கிலேயே தெரிந்தது.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

அவள் சொன்னாள், ஒரு வரியும் விடாமல்.

“நல்ல யோசனைதானே?” என்றார் அவர், முட்டையைச் சட்டியில் ஊற்றியபடியே. “லாரி இது இல்லன்னா இன்னொண்ணு. ரெண்டு தெருவுக்கு ஒரு லாரி நிக்குது, ஓட்ட ஆளில்லாம. பள்ளி அப்படியா? எழுது. நான்தானே மாத்தினேன்?”

“நீங்க மாத்தினீங்க. கையெழுத்துப் போட்டது யாரு?”

“உனக்குத் தெரியாதுல்ல?”

“விதைச்ச நாள்லேருந்து மூவிலை விரியற வரைக்கும் பாத்தவங்கதான் கையெழுத்துப் போடணும். அந்த விதிய எழுதினதே நான்தான். நடுவுல நான் ஊர்லயே இல்ல. உங்களுக்காவது திட்டுப் பயம். எனக்கு என்ன பயம்? தேதி சொல்லிட்டோமே, பலகையில எழுதாம எப்படின்னு ஒரு அவசரம். அவ்வளவுதான்.”

“அத யாரு கேக்கப் போறா?”

“மிளகாய்த் தொட்டிய நானே பாத்துட்டு உங்களத்தான் திட்டினேன். நீங்க பண்ணின அதே தப்பு. நீங்க உங்களையே சந்தேகப்பட்டீங்க. நானும் உங்களத்தான் சந்தேகப்பட்டேன். நாம ரெண்டு பேரும் மண்ணத் தவிர எல்லாத்தையும் சந்தேகப்பட்டிருக்கோம்.”

அவர் சட்டியை இறக்கினார். முட்டை ஓரம் கருகியிருந்தது. இருவரும் கருகிய பக்கத்தைத் தம் தட்டுக்கு இழுத்துக்கொள்ள முயன்றதில் அது இரண்டாகப் பிய்ந்தது.

சாப்பிட்ட பிறகு மேசையைத் துடைத்துவிட்டு அவள் எழுத உட்கார்ந்தாள். முதல் தாளில் ‘மாற்றப்பட்டது’ என்று எழுதினாள். யாரால் என்று சொல்லாத வினைச்சொல் கண்ணை உறுத்தியது. தாளைக் கிழித்தாள். இரண்டாவது தாளில் ‘மாற்றினார்’ என்று எழுதி, அது அவரை மட்டும் தனியே நிற்கவைப்பதைப் பார்த்து, அதையும் கிழித்தாள். மூன்றாவது தாளில் நடந்ததை நடந்த வரிசையில் எழுதினாள். தக்காளியில் நோய் இல்லை, பரவாது. காரணம் உலர்புல்லில் இருந்த களைக்கொல்லி. சோதனைக் குவளைகளில் செடி சுருண்டதைத் தண்ணீர்க் கோளாறு என்று கருதி என் கணவர் மறுபடி விதைத்தார். முழுச் சோதனையையும் பார்க்காமல், பார்த்ததாகக் கையெழுத்திட்டேன் நான். இன்றுமுதல் இப்பள்ளியிலிருந்து உரம் எதுவும் வெளியே போகாது. எந்தக் குவியலையும் விடலாம் என்று சொல்லும் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். நகல்: சங்கத் தலைவர், நகராட்சி, இரண்டு பள்ளிக்கூடங்கள்.

கையெழுத்திட்டாள். கணவர் தாளை வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினார்.

“உங்க கையெழுத்து தேவையில்ல.”

“என்னைப் பத்தி எழுதியிருக்கு. நான் ஒத்துக்கறேனா இல்லையான்னு ஒருத்தராவது கேக்க வேணாமா?”

அவளுடைய பெயருக்குக் கீழே, குவியல் புரட்டிக் காய்த்த விரல்களால், பள்ளிக்கூடப் பையன்போல் அழுத்தி எழுதினார்.

*

புதன்கிழமை காலையில், ஒருவழியாக மழை தொடங்கியது. குடிலின் கூரைமேல் அது விழுந்த சத்தத்தில் மூவரும் உரக்கப் பேச வேண்டியிருந்தது. உரக்கச் சொல்லத் தகுந்த விஷயமாக அது இல்லை.

நாத்தனார் முழுவதையும் கேட்டாள். கேட்கும்போதே ஒரு செடியின் வளைந்த நுனியை விரலால் நிமிர்த்திக்கொண்டிருந்தாள். விட்டதும் அது மறுபடி வளைந்தது.

“சின்ன வயசுல என் கோழிக்குஞ்சுக்குத் தண்ணி குடுத்துக் குடுத்தே கொன்னவன்தானே நீ” என்றாள் அண்ணனிடம். “உன்கிட்ட எவ சொம்பக் குடுத்தா?”

“நான்தான் பாப்பா...” என்று தொடங்கினார் அவர்.

“நீ சும்மா இரு. உன்ன எனக்குத் தெரியும்.” அவள் அண்ணியின் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது, அதனால் இன்னும் கடுமையாகக் கேட்டது. “அவன் தண்ணி ஊத்தறவன். நீங்க பாக்கறவங்க. நீங்க ஏன் பாக்கல?”

“பாத்தேன். கேக்க வேண்டியதக் கேக்கல.”

“கடையில வாங்கிப் போட்டிருந்தா கடைக்காரன் சட்டையப் பிடிச்சிருப்பேன். இப்ப யாரு சட்டையப் பிடிக்கிறது? ஞாயித்துக்கிழமை ஒரே மேசையில உக்காந்து சாப்பிடணுமே.”

டீச்சர் குனிந்து செடியடியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள்.

“இந்த மண்ணு இனிமே அவ்வளவுதானா?”

“இல்ல. தக்காளி, பீன்ஸ், மிளகாய் வேணாம். சோளம் போடு. சோளத்துக்கு இது ஒண்ணும் பண்ணாது. ஆனா அந்தத் தட்டைய வெளிய குடுத்திராத. இங்கயே கெடந்து மட்கட்டும். நல்லாக் காத்துப் பட, தண்ணி பட, கிளறிக்கிட்டே இரு. கொஞ்சம் கொஞ்சமாத் தீரும். வருஷா வருஷம் பீன்ஸ் விதைச்சுப் பாக்கலாம்.”

“யாரு விதைக்கறது?”

“நீ விதை. நீயே பாரு.”

மழை வலுத்தது. வாசலில் நின்ற லாரியின் தார்ப்பாயில் நீர் குளம்போல் தேங்கி, தாங்காமல் ஒரு பக்கமாகக் கொட்டியது. அண்ணன் அதைச் சரிசெய்யப் போகத் திரும்பினார், பிறகு போகவில்லை.

“இதக் குடுத்தா நிலத்துக்காரர் என்னய விட்டுருவாரு” என்றாள் நாத்தனார். “உங்க எடம்?”

“திங்கட்கிழமை நகராட்சியில இதப் படிப்பாங்க.”

“படிச்சா?”

“ஒப்பந்தத்துல என்ன இருக்கோ அதத்தான் செய்வாங்க.”

நாத்தனார், நிமிர்ந்து நின்ற கடைசி வரிசையைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று டீச்சர் ஒரு கணம் பயந்தாள். ஒரு கணம் ஆசைப்படவும் செய்தாள். அந்த இரண்டாவது கணத்தைக் குறித்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

நாத்தனார் வேண்டாம் என்று சொல்லவில்லை. தக்காளிச் செடியைத் தொட்டுத் தொட்டுக் கறுத்துப் பச்சையேறியிருந்த கைகளை வாளி நீரில் முக்கி, நகக்கண் வரை தேய்த்துக் கழுவினாள். கொடியில் தொங்கிய துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். துடைத்த கையைத் திருப்பிப் பார்த்து, ஈரமில்லை என்று உறுதிசெய்துகொண்டு நீட்டினாள்.

டீச்சர் பையிலிருந்து தாளை எடுத்து, மடிப்பைப் பிரித்து, இரண்டு கையெழுத்துகளும் தெரியும்படி அவளிடம் கொடுத்தாள்.